அறிவியல் மாதிரிகள் எவ்வளவு நிஜம்? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள், பள்ளி வாசலில் பெற்றோர், கல்யாண வீட்டுப் பந்தியில் உறவுக்காரர்கள் என்று எங்கே உட்கார்ந்தாலும் ஒரே வகைச் சந்தேகம்தான் வருகிறது: அறிவியல் சொல்வது உள்ளபடியா, இல்லை சும்மா ஒரு கணக்கா? ஒருவர் அணுவை வைத்துக் கேட்பார், ஒருவர் பஞ்சாங்கத்தை வைத்து, இன்னொருவர் போர் போட்டுத் தண்ணீர் வராத வயிற்றெரிச்சலை வைத்து. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் பேசுவதால், மேலிருந்து படித்துவந்தால் நல்லது.

சார், மாதிரி என்றால் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் செய்வோமே, அதுவா?

அதுவும் ஒரு வகைதான். அறிவியலில் மாதிரி (பேச்சில் மாடல் என்கிறோம்) என்றால், உலகத்தில் ஒரு பகுதியை எடுத்து, நம் கையில் இருக்கும் கேள்விக்குப் பதில் கிடைக்கிற அளவுக்கு மட்டும் எழுதிவைத்துக்கொள்வது. அது படமாக இருக்கலாம், சமன்பாடாக இருக்கலாம், அட்டவணையாகவோ கணினி நிரலாகவோ இருக்கலாம்.

வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கும் புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கோடு, பக்க நீளங்கள், சர்வே எண், கல் நட்ட இடம், அவ்வளவுதான் இருக்கும். மண் செம்மண்ணா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வேப்பமரம் எங்கே நிற்கிறது, எதுவும் இருக்காது. பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு வந்தால் அந்தத் தாள் போதும். கிணறு வெட்ட இடம் பார்க்க அதைப் பிரித்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உள்ளதை உள்ளபடி முழுசாக எழுதிவிட்டால் தகராறே இல்லையே. ஏன் சுருக்குகிறார்கள்?

முழுசாக எழுத முடியாது, எழுதினாலும் கணக்குப் போட முடியாது. ஒரு லிட்டர் காற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 1-க்குப் பின்னால் 22 சைபர் போட்டால் வரும் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யார் எழுதுவது? அதனால் மூலக்கூறுகளை வெறும் புள்ளிகளாக வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் ஈர்ப்பே இல்லை என்றும் வைத்துக்கொண்டு, அழுத்தம், பருமன், வெப்பநிலை என்ற மூன்றை மட்டும் பிடித்தார்கள். சைக்கிள் டயரில் காற்றடிக்கும் அளவுக்கு அந்தக் கணக்கு அருமையாக ஒத்துவரும்.

அதே கணக்கை அடுப்படி சிலிண்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் 14.2 கிலோவில் பெரும்பகுதி திரவம். மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பே இல்லை என்று வைத்துக்கொண்ட மாதிரியில் திரவம் என்ற ஒன்று உருவாகவே வழியில்லை. எதை விட்டுவிட்டோமோ, அதுவே முக்கியமாகிற இடம் வந்தால் மாதிரி நின்றுவிடும்.

பூமி உருண்டை என்று பாடம் நடத்துகிறீர்கள். எங்கள் மனையை அளந்த சர்வேயர் தட்டையாகத்தானே அளந்தார்? எது உண்மை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பூமியின் ஆரம் சுமார் 6,371 கி.மீ. ஒரு கிலோமீட்டர் தூரத்தைத் தட்டை என்று நினைத்து நேராக அளந்தாலும், வளைவோடு சேர்த்து அளந்தாலும், நீளத்தில் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்த டேப்பும் அதைக் காட்டாது. ஆகவே மனைக்குத் தட்டை என்று எடுத்துக்கொண்டதில் சர்வேயர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மட்டம் பார்க்கும்போது கதை வேறு. நேர்கோட்டில் பார்வையை ஓட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தரை அந்தக் கோட்டுக்கு 8 சென்டிமீட்டர் கீழே போயிருக்கும். பத்து கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 8 மீட்டர். கண்மாய்க்கு வரத்துக்கால் வெட்டுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் தண்ணீர் வராது. அதனால்தான் மட்டம் பார்க்கிறவர்கள் கருவியை இரண்டு அளவுகோல்களுக்கும் சரிபாதியில் நிறுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிழை வந்து கழிந்துவிடும்.

1802-ல் சென்னையில் அடிக்கோடு அளந்து லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய நாடளாவிய நில அளவைக்கு வெறும் உருண்டைகூடப் போதவில்லை. நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. என்று சற்றே நசுங்கிய வடிவத்தை எடுக்க வேண்டும். ஆக ஒரே பூமிக்கு மூன்று மாதிரிகள். எது வேண்டும் என்பதைச் செய்கிற வேலை தீர்மானிக்கிறது. அதே நேரம், மூன்றும் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நசுங்கிய உருண்டையை வைத்தால், தட்டை எவ்வளவு தூரத்துக்குத் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். தட்டையை மட்டும் வைத்துக்கொண்டு உருண்டையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் எலக்ட்ரான் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்று எழுதினால் மார்க். பதினொன்றாம் வகுப்பில் அப்படிப் பாதையே கிடையாது என்கிறார்கள். என் பிள்ளைக்கு எதைச் சொல்வது, சார்?

இரண்டையும் சொல்லுங்கள், எது எதுவரை செல்லும் என்பதோடு சேர்த்து. 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவில் உட்கரு இருப்பதைக் காட்டினார். எலக்ட்ரான்கள் அதைச் சுற்றுகின்றன என்றால் ஒரு சிக்கல்: அன்றைக்குத் தெரிந்த விதிகளின்படி, சுற்றுகிற எலக்ட்ரான் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே, ஒரு நொடியில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் உட்கருவில் போய் விழுந்துவிட வேண்டும். அணு என்று ஒன்று நிலைக்கவே முடியாது. 1913-ல் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி, சில பாதைகள் மட்டுமே அனுமதி, அவற்றில் இருக்கும்வரை ஒளி வெளிவராது என்று ஒரு கட்டுப்பாட்டைப் போட்டார். ஏன் என்ற காரணம் அப்போது அவரிடம் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் வெளியிடும் ஒளிக்கோடுகள் அச்சு அசலாக வந்து உட்கார்ந்தன.

அடுத்த தனிமம் ஹீலியம். எலக்ட்ரான் ஒன்றுக்குப் பதில் இரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேயே போரின் கணக்கு நின்றுவிட்டது. 1925, 1926-ல் குவாண்டம் இயக்கவியல் வந்த பிறகுதான் வழி திறந்தது. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பொய் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள், "இது ஹைட்ரஜன்வரை நன்றாக ஓடும்" என்று சொல்லுங்கள். ஒரு மாதிரியை அச்சிடும் பக்கத்திலேயே அதன் எல்லையையும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாததால்தான் பிள்ளைகள் இரண்டு வருடம் கழித்து ஏமாந்துபோனதாக நினைக்கிறார்கள்.

படம் மாறிக்கொண்டே இருக்கிறதென்றால், எலக்ட்ரான், அணு எல்லாம் நிஜமாகவே இருக்கின்றனவா? இல்லை, கணக்குக்காக வைத்துக்கொண்டதா?

நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய விஞ்ஞானிகளே இதை வைத்துச் சண்டை போட்டார்கள். அதைத் தீர்த்ததில் பெரிய பங்கு பிரான்சு நாட்டு ழான் பெரினுக்கு. ஒரு மோல் (வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) பொருளில் எத்தனை மூலக்கூறு என்ற எண்ணை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வழிகளில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நீரில் மிதக்கும் நுண்துகளின் ஆட்டத்திலிருந்து ஒரு வழி, வானத்தின் நீலத்திலிருந்து ஒரு வழி, கதிரியக்கத்திலிருந்து ஒரு வழி, கரைசலில் மின்சாரம் பாய்ச்சுவதிலிருந்து ஒரு வழி. எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றன. வெறும் கற்பனை என்றால் இத்தனை திசையிலிருந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டிய அவசியம் இல்லை. பெரினுக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே படம் மாறினாலும் சில விஷயங்கள் மாறாமல் தங்கிவிடுகின்றன. எலக்ட்ரானின் மின்னூட்டமும் நிறையும் போரின் படத்திலும் அவைதான், அதற்கடுத்த படத்திலும் அவைதான்.

தம்பி, வாக்கியத்தில் ஒரு நேரம், திருக்கணிதத்தில் ஒரு நேரம் போட்டிருக்கிறான். பிள்ளையார் நோன்புச் சஷ்டியை எதில் பார்ப்பது? ஒன்று பொய்தானே?

ஒரு ஆச்சி கேட்டது. வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் பஞ்சாங்கம் கணிக்கும் இரண்டு முறைகள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாதிரி என்பதன் பலமும் பலவீனமும் இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் தெரியாது. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அதற்குச் சந்திரன் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வாக்கிய முறையில் 248 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நாளுக்கான சந்திரனின் நிலையை எழுத்துகளுக்குள் எண்ணாகப் பொதிந்து வைத்திருக்கும். சந்திரன் மெதுவாக நகரும் இடத்திலிருந்து கிளம்பி மறுபடி மெதுவாகிற இடத்துக்கு வருவதை ஒரு சுற்று என்றால், 248 நாளில் ஏறக்குறைய 9 சுற்று முடியும், அப்புறம் அதே வரிசை. நாளடைவில் சேரும் சிறு பிழையைத் திருத்த 3,031 நாள் கொண்ட இன்னொரு பெரிய சுழற்சி: அதில் 110 சுற்று. இன்றைய அளவீட்டின்படி ஒரு சுற்று 27.5546 நாள். 110-ஆல் பெருக்கிப் பாருங்கள், 3,031 வந்துவிடும். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இந்தத் துல்லியத்தை எட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் வித்தியாசம்? சந்திரனின் வேகம் கூடிக் குறைவதால், சராசரி இடத்திலிருந்து அது அதிகபட்சம் 5 பாகை விலகும் என்று பழைய கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்த விலகல் 6.3 பாகை. கூடவே சூரியனின் இழுப்பால் 1.3 பாகைவரை இன்னொரு மாற்றம் வரும். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் இந்த இரண்டாவது மாற்றம் முதலாவதைக் குறைத்து, மொத்தம் சரியாக 5-க்குக் கொண்டுவந்துவிடும். அஷ்டமிப் பக்கம் அதுவே கூட்டிக்கொள்ளும், 7.5 பாகைக்கு மேல் போகும். பழங்காலத்தவர் தங்கள் கணக்கைச் சரிபார்க்கக் கிரகணங்களையே நம்பினார்கள். கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும்தான். அதனால் அவர்கள் சரிபார்த்த நாள்களில் கணக்கு நெருக்கமாகவும், சரிபார்க்க வழியில்லாத நாள்களில் தள்ளியும் அமைந்துவிட்டது. அஷ்டமிப் பக்கம் இரண்டரைப் பாகை தவறினால் திதி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முன்பின்னாகும். திருக்கணிதம் இந்த மாற்றங்களையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

பிள்ளையார் நோன்பு, திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் பார்த்து வருவது. அமாவாசையிலிருந்து ஒரு வாரம் தள்ளி இருப்பதால் இரண்டு பஞ்சாங்கமும் மணிக்கணக்கில் வேறுபட நிறையவே வாய்ப்பு. வானத்தில் சந்திரன் எங்கே என்று கேட்டால் திருக்கணிதம்தான் சரி, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் இழை எடுப்பது (அந்த நோன்பின் சடங்கு) என்று கேட்டால், அது கோயில் வழக்கமும் பெரியவர்கள் வழக்கமும் சொல்ல வேண்டியது. வானியலுக்கு அங்கே வேலை இல்லை. சனிப்பெயர்ச்சியும் இப்படித்தான். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-ல் வந்தது, வாக்கியப்படி டிசம்பர் 20-ல். திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே விழா டிசம்பரில்தான் நடந்தது. சனி ஒரு ராசியைத் தாண்ட இரண்டரை வருடம் எடுக்கும். அவ்வளவு மெதுவாகப் போவதால் சில பாகைப் பிழைகூட மாதக்கணக்கில் தெரிகிறது.

வாக்கியத்தில் கிரகணம் சரியாகத்தானே வருகிறது. அப்படியானால் சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்ற பழைய படமும் சரிதானே, அண்ணே?

எண் சரியாக வந்தால் படமும் சரி என்று ஆகிவிடாது. 1825-ல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரி, தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் கிரகணம் கணிப்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்தார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டே, அந்த வருடம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்தான் பிழை. சூரியன் சுற்றுகிறதா, பூமி சுற்றுகிறதா என்ற விளக்கம் அந்தக் கணக்குக்குத் தேவைப்படவே இல்லை. நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கும் திறமை அது.

ஒரு படம் சரியா என்று பார்க்க, அது உருவானபோது யாரும் யோசிக்காத கேள்வியை அதனிடம் கேட்க வேண்டும். 1610-ல் கலிலியோ தொலைநோக்கியில் வெள்ளியைப் பார்த்தார். நிலாவைப் போல அதுவும் வளர்ந்து தேய்ந்தது, ஏறக்குறைய முழு வட்டமாகவும் தெரிந்தது. வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் இடையிலேயே நிற்கிறது என்ற பழைய ஐரோப்பியப் படத்தில் முழு வட்டத்துக்கு இடமே கிடையாது.

கணக்கும் வானமும் ஒத்துப்போகாவிட்டால் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதுதானே?

அவசரப்படக் கூடாது. யுரேனஸ் நியூட்டன் கணக்குப்படி போகவில்லை. கணக்கை எறியாமல், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று வைத்து, அது எங்கே இருக்க வேண்டும் என்று லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் கணித்துச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலெ என்ற வானியலாளர் தேடினார். சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

அதே லெவெரியே புதனிலும் ஒரு சிறு விலகலைக் கண்டார். நூற்றாண்டுக்கு 43 வினாடிக் கோணம் என்று பின்னால் உறுதியானது. ஒரு பாகையில் 3,600 வினாடி உண்டு, எவ்வளவு சிறிது என்று பாருங்கள். இங்கேயும் ஒரு கோள் ஒளிந்திருக்கிறது என்று வல்கன் எனப் பெயரும் வைத்துப் பல வருடம் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டீன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில் கணக்கிட்டபோது அந்த 43 வினாடி தானாக வந்தது. ஒரே மனிதர், ஒரே முறை. ஒரு தடவை மாதிரி வென்றது, மறு தடவை தோற்றது. விலகலை மட்டும் பார்த்து, எந்தத் தடவை எது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. போய்த் தேடித்தான் ஆக வேண்டும்.

நியூட்டன் தோற்றுவிட்டார் என்றால், இன்னும் ஏன் அதையே படிக்கவைக்கிறீர்கள்?

தட்டை மனைக்குச் சொன்ன பதிலே இதற்கும். பஸ், பாலம், ராக்கெட் எல்லாவற்றுக்கும் நியூட்டன் போதும். போதாத இடம் உங்கள் கையிலேயே இருக்கிறது: போனில் வழி காட்டும் ஜிபிஎஸ். அந்தச் செயற்கைக்கோளின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டீன் கணக்கால் அதைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் 10 கி.மீ.க்கு மேல் இடம் தப்பிவிடும்.

டிவியில் மழை என்றார்கள். காயப்போட்ட வத்தலை எல்லாம் அள்ளி உள்ளே வைத்தேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இது என்ன அறிவியல்?

அறிக்கையில் என்ன சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். "ஓரிரு இடங்களில் மழை" என்று வானிலைத் துறை சொன்னால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நாலில் ஒரு பங்கில் மழை பதிவாகும் என்று பொருள். முக்கால்வாசி இடம் காய்ந்துகிடந்தாலும் அறிக்கை சரிதான். காரைக்குடியில் கொட்டும்போது தேவகோட்டையில் தூசி பறப்பது நமக்குப் புதிதா என்ன? கணினி மாதிரி வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. நம் நாட்டு உலகளாவிய மாதிரியில் ஒரு கட்டம் 12 கி.மீ. அகலம் இருந்தது, 2025 மே மாதம் 6 கி.மீ. ஆக்கினார்கள். உங்கள் தெருவின் மேல் நிற்கும் ஒற்றை மேகம் அந்தக் கட்டத்தைவிடச் சிறியது.

இன்னொரு எல்லையும் உண்டு. 1961-ல் எட்வர்டு லாரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டினார். 0.506127 என்று இருந்த எண்ணை, சுருக்கி 0.506 என்று கொடுத்தார். முதலில் ஒத்துப்போன முடிவு, போகப்போக முற்றிலும் வேறாகிவிட்டது. தொடக்கத்தில் மிகச் சிறிய பிழை இருந்தாலும் அது பெருகி, இரண்டு வாரம்போல ஆனதும் அன்றாட வானிலைக் கணிப்பை விழுங்கிவிடும். அதனால் இப்போது தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். நூற்றில் அறுபது ஓட்டத்தில் மழை வந்தால் 60 சதவீதம். ஒருநாள் வெயிலை வைத்து அதைப் பொய் என்று சொல்ல முடியாது. 60 சதவீதம் என்று சொன்ன நாள்களை எல்லாம் சேர்த்து, அவற்றில் ஏறக்குறைய அறுபது சதவீத நாள்களில் மழை பெய்ததா என்று பாருங்கள். பெய்யவில்லை என்றால் தாராளமாகக் குற்றம் சொல்லலாம்.

நாளைக்கு மழையைச் சொல்ல முடியாதவர்கள் ஐம்பது வருடம் கழித்து வெப்பம் கூடும் என்கிறார்களே, எந்தத் தைரியத்தில்?

இரண்டும் வேறு கேள்விகள். ஜனவரியைவிட மே மாதத்தில் காரைக்குடி சுடும் என்று இன்றைக்கே அடித்துச் சொல்லலாம். மே 14 மதியம் இடி இடிக்குமா என்று சொல்ல முடியாது. பருவத்தைத் தீர்மானிப்பது வந்துசேரும் வெயிலும் வெளியேறும் வெப்பமும். லாரன்ஸ் கண்ட தொடக்கப் பிழை அந்தக் கூட்டல் கழித்தலைக் கலைப்பதில்லை. 1967-லேயே மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு எளிய மாதிரியில், கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் பூமி 2.3 பாகை செல்சியஸ் சூடாகும் என்று கணக்கிட்டார்கள். இத்தனை வருட ஆராய்ச்சிக்குப் பிறகு இன்று சொல்லப்படும் மதிப்பு சுமார் 3 பாகை. மனாபேக்கு 2021-ல் நோபல் கிடைத்தது.

ஆனால் உலகச் சராசரி ஒன்று, நம் தாலுகா மழை இன்னொன்று. 2070-ல் தேவகோட்டைத் தாலுகாவில் வடகிழக்குப் பருவமழை இத்தனை மில்லிமீட்டர் என்று யாராவது திருத்தமாகச் சொன்னால் நம்பாதீர்கள். மாதிரி அந்தக் கூர்மையில் இன்னும் பார்க்கவில்லை.

போனில் 20 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தது, திடீரென்று அணைந்துவிட்டது. அதுவும் மாதிரியா, சார்?

ஆமாம். பேட்டரிக்குள் அளவு பார்க்க எந்தக் குறியும் கிடையாது. ஒரு சிறு சில்லு மின்னழுத்தத்தையும், உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தையும், வெப்பநிலையையும் பார்த்து, மீதம் இவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. புதிய பேட்டரிக்குப் போட்ட கணக்கு அது. பேட்டரி கிழடாக ஆக உள் மின்தடை கூடிவிடும். கேமராவைத் திறந்ததும் மின்னழுத்தம் சட்டென்று கீழே விழுந்து, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பேட்டரி வயதாவதைச் சரியாகக் கணக்கில் கொண்டுவருவது இன்றும் பெரிய ஆராய்ச்சி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட நம் ஊர் சிக்ரியிலேயே (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.

லேப்பில் பரிசோதித்த பெயின்ட் என்று விற்றான். கேட் இரண்டு மழையில் துருப்பிடித்துவிட்டது. லேப் சோதனை பொய்யா?

லேப் சோதனையும் ஒரு மாதிரிதான். பெட்டிக்குள் 35 பாகை வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரை விடாமல் பனியாகத் தூவிப் பார்ப்பது வழக்கமான முறை. வெளியே வெயில் உண்டு, நனைந்து காய்வது உண்டு, கேட்டில் சரியாகச் சுரண்டாமல் அடித்த இடமும் உண்டு. இரண்டு பெயின்டில் எது மட்டம் என்று பிரித்துக்காட்ட அந்தப் பெட்டி உதவும். எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல அது போதாது. அதனால்தான் சிக்ரிக்காரர்கள் ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள மண்டபம் ஊரில் கடலோரத்திலேயே உலோகத் தகடுகளை வருடக்கணக்கில் வெளியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கொரோனாவில் லட்சக்கணக்கில் சாவு என்று கணித்தார்கள். சொன்ன அளவுக்கு வராத இடங்களும் உண்டே. கணிப்பு பொய்தானே?

தொற்றாதவர், தொற்றியவர், மீண்டவர் என்று மக்களை மூன்றாகப் பிரித்துக் கணக்கிடும் முறை 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் தந்தது. அந்தக் கணக்குகளில் "எல்லாரும் வழக்கம்போலப் பழகினால்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். செய்தியில் அந்த "ஆல்" உதிர்ந்துபோய் எண் மட்டும் வரும். எண்ணைக் கேட்டு மக்கள் வீட்டில் இருந்தார்கள், நிபந்தனையே மாறிவிட்டது. அதற்காக அந்த மாதிரிகள் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. ஒருவர் இன்னொருவரை எத்தனை தடவை சந்திக்கிறார் என்பதைத் தோராயமாக எடுத்ததில் பல மாதிரிகள் நிஜமாகவே தவறின. எது நிபந்தனை மாறியதால், எது உள்ளே இருந்த பிழையால் என்று பிரித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

எல்லா மாடலும் தவறு என்று ஒரு விஞ்ஞானியே சொல்லியிருக்கிறாராமே. அப்புறம் ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1976-ல் ஜார்ஜ் பாக்ஸ் என்ற புள்ளியியலாளர் சொன்னது. பின்னால் அவரே அதோடு சேர்த்த மறுபாதி, சில மாதிரிகள் பயன்படும் என்பது. எல்லாம் தவறு என்பதிலிருந்து எல்லாம் ஒரே அளவு தவறு என்று தாவக் கூடாது. பூமி தட்டை என்பதும் உருண்டை என்பதும் கறாராகப் பார்த்தால் தவறு. எது எவ்வளவு தவறு என்று மேலே சென்டிமீட்டரில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

நான் பார்ப்பது இதைத்தான்: தவறினால் தவறினோம் என்று தெரிகிற மாதிரி அது முன்கூட்டியே பேசுகிறதா? ஹைட்ரஜனில் வென்ற போர் ஹீலியத்தில் மாட்டிக்கொண்டார், எல்லாருக்கும் தெரிந்தது. "நல்லதும் நடக்கும், சோதனையும் வரும்" என்ற பலன் எந்த வருடத்திலும் மாட்டிக்கொள்ளாது.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே. எல்லாத் தரவையும் கொட்டினால் எல்லையே இல்லாத மாதிரி கிடைக்காதா?

2023-ல் வந்த கிராஃப்காஸ்ட் என்ற ஏஐ மாதிரி, ஏறக்குறைய நாற்பது வருட வானிலைப் பதிவுகளைப் படித்துவிட்டு, பத்து நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் சொன்னது. பெரும்பாலான அளவுகோல்களில் ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியையே முந்தியது. பெரிய சாதனை. ஆனால் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குச் சொன்னதை இங்கேயும் நினைத்துப் பார்க்க வேண்டும். பதிவில் இருந்து கற்றது, பதிவு நிறைய இருக்கும் இடத்தில் கூர்மையாக இருக்கும். இதுவரை பெய்யாத அளவு மழை, இதுவரை வராத வெப்பம் என்று வரும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

மின்சாரம் விட்டுச் சோதித்து, 300 அடியில் தண்ணீர் என்றார் ஐயா. 450 அடி போயும் புகைதான். காசு போனது போனதுதான். அடுத்த தடவை என்ன கேட்பது?

அந்தச் சோதனையில் தரையில் நாலு கம்பி நடுவார்கள். வெளிக்கம்பி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பி இரண்டில் மின்னழுத்தம் அளந்து, கம்பிகளை அகட்டிக்கொண்டே போவார்கள். அகட்ட அகட்ட ஆழத்தின் தன்மை தெரியும். கிடைப்பது மின்தடை எண்கள் மட்டும்தான், தண்ணீர் நேரடியாகத் தெரியாது. அந்த எண்களை ஆழமாக மாற்றும் கணக்கு, பூமிக்கு அடியில் அடுக்கடுக்காக, படுக்கையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. நம் மாவட்டத்தின் கிழக்கே, தேவகோட்டைப் பக்கத்துப் படிவு நிலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். மேற்கே சிங்கம்புணரிப் பக்கம் கடும்பாறை, தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில். வெடிப்பு செங்குத்தாகவோ சாய்வாகவோ ஓடினால் அடுக்குக் கணக்கு தடுமாறும், பத்தடி தள்ளிப் போட்டால்கூட முடிவு மாறலாம். அப்புறம், மின்தடை குறைந்தால் நல்ல தண்ணீர் என்றும் முடிவுகட்டக் கூடாது. களிமண்ணுக்கும் குறையும், உப்புத் தண்ணீருக்கும் குறையும்.

அதனால் அவரிடம் இதையெல்லாம் கேளுங்கள். ஒரே இடத்தில் அளந்தாரா, குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து இடத்தில் அளந்தாரா? பக்கத்துத் தோட்டங்களில் ஏற்கெனவே போட்ட போர்களின் ஆழத்தையும், வெளியே வந்த மண்ணையும் பாறைத் தூளையும் தன் எண்களோடு ஒப்பிட்டாரா? அந்த எண் களிமண்ணாகவும் இருக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்கிறார்? இதற்கு முன் இதே ஊரில் பார்த்துக்கொடுத்த இடங்களில் எத்தனையில் தண்ணீர் வந்தது, எத்தனையில் வரவில்லை? வராதவற்றையும் சேர்த்துச் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள்.